ஒரே சூரை, இரண்டு பாதிகள்: திருகோணமலையில் ஒரு குடும்ப விருந்து பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில், கடற்கரையை அண்டிய ஓர் ஒழுங்கையில் வாழும் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரின் வீட்டில், விருந்து மீனை உண்ட சிலர் அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்த நிகழ்வு இது. அவர் உணவுக்கடை நடத்துபவர் அல்லர். சமையல் அவருக்குத் தொழிலும் அன்று. ஆனால் ஒரு கறிக்குரிய பொருள் எந்த ஊரில் நன்றாகக் கிடைக்குமோ அந்த ஊருக்கே போய் வாங்கிவந்து சமைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். தயிருக்குக் கிண்ணியா, அரிசிக்குத் தம்பலகாமம், நண்டுக்குக் கொட்டியாரக்குடாவின் மூதூர்ப் பக்கம், பெரிய மீனுக்கு வடக்கே குச்சவெளிக் கரை என்று அவருக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவர்களையும் இந்தப் பயணங்களில் சேர்த்துக்கொள்வார்; பொருள் வாங்குவதும் ஊர் பார்ப்பதும் ஒரே நாளில் முடிந்துவிடும். அன்றைய நிகழ்வில் முடிச்சு விழுந்தது இந்தச் சேர்க்கையில்தான். ஆகவே அந்த வழக்கத்தை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் வசிப்பவன் என்ற முறையில் அன்றிரவு வைத்தியசாலைக்கு உடன் சென்றேன். பின்னர் சம்பந்தப்பட்ட எல்லோருடனும் பேசி, அவர்களின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். பெயர்களை எவரும் விரும்பவில்லை. எனவே அந்தப் பெண்மணியைச் ‘சமைத்தவர்’ என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அவருடைய மச்சாளின் குடும்பம் ஹற்றனிலிருந்து வந்திருந்தது: மச்சாள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துவரும் அவருடைய கணவர், உயர்தரம் எழுதி முடித்த மகள், பத்து வயது மகன். வீட்டில் சமைத்தவரும் அவர் கணவரும் சைவ உணவு மட்டுமே உண்ணும் மாமியாரும். மலைநாட்டில் இருப்பவர்களுக்குப் புது மீன் என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். கரையில் இறங்கிய மீன் அங்கே சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் நெடுந்தூரம் கடந்திருக்கும். ஆகவே விருந்தின் நடுவே மீன் இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வேறு கருத்து இருக்கவில்லை.

காலையில் வாங்கியது

வாடகை வான் ஒன்றில் விடியும் முன்னரே புறப்பட்டுக் குச்சவெளிக் கரைக்குச் சென்றார்கள். இரவில் போன கண்ணாடியிழைப் படகுகள் கரை சேரும் நேரம் அது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள ஒரு சூரையையும் இரண்டு கிலோ இறாலையும் வாங்கியபோது மணி ஏழு. மீன் விடியற்காலை நான்கு மணியளவில் தூண்டிலில் பட்டதாகப் படகுக்காரர் சொன்னார். கண் தெளிவாக இருந்தது. செவுள் சிவப்பாக இருந்தது. தசையை அழுத்திய விரல்தடம் உடனே மறைந்தது. மீன் வாங்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் சமைத்தவர் பார்த்தார், மீனும் எல்லாவற்றிலும் தேறியது.

நகரிலிருந்து கொண்டுபோன, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டி சிறியது. அதில் பாதிக்கு மேல் ஐஸ், மிச்சத்தில் இறால். முழுச் சூரை அதற்குள் அடங்காததால், கரையில் மீன் வெட்டுபவர் அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, குடலைக் கையால் இழுத்தெறிந்து, கடல்நீரில் அலசிக் கொடுத்தார். தலையும் வயிறும் சேர்ந்த முன்பாதி ஐஸுக்குள் போனது. வால் பக்கத்துப் பின்பாதி பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு, பொலித்தீன் பையில் இடப்பட்டு, வானின் பின் இருக்கைக்குக் கீழே வைக்கப்பட்டது.

இந்தத் தேர்வுக்குக் காரணம் இருந்தது. வயிற்றுப் பக்கம்தான் முதலில் பழுதாகும் என்பது கடற்கரை ஊர்களில் எவரும் அறிந்தது. இருக்கும் ஐஸ் ஒரு பாதிக்குத்தான் போதும் என்றால் அதை முன்பாதிக்குக் கொடுப்பதே முறை. அத்துடன் நண்பகலுக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்பது அன்றைய கணக்கு.

வண்டியில் கழிந்த நேரம்

கணக்கு பிசகியது நிலாவெளியில். 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவுக்குப் படகு பிடிக்க விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் பவளப்பாறைகளைப் பார்த்த பின் தண்ணீரை விட்டு ஏற மனமில்லாமல் நின்றார்கள். கரைக்குத் திரும்பி, உண்டு, மீண்டும் வானில் ஏறியபோது ஒரு மணிக்கு மேலாகிவிட்டது. அந்த மாதத்தில் திருகோணமலையில் வீசும் கச்சான் காற்று நிலத்தின் மேலாக வருவதால் சூட்டைத் தணிப்பதற்குப் பதில் கூட்டும். ஓரமாக நிறுத்தி மூடிவைத்த வானின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தப் பக்கம் வசிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நகரை எட்டியபோது ஒரு பேச்சு நடந்தது. மச்சாள் கேட்டார்: “மீனை வீட்டில இறக்கிப்போட்டுக் கன்னியாவுக்குப் போவமா?” சமைத்தவரின் கணவர் வெந்நீர்க் கிணறுகளில் பின்னேரம் கூட்டம் கூடிவிடும் என்று நினைத்தார். “பெட்டிக்குள்ள ஐஸ் கிடக்குதுதானே, ஒரு மணித்தியாலத்தில வந்திடலாம்” என்றார். பெட்டிக்குள் இருந்தது பாதி மீன் மட்டும் என்பது அந்தக் கணத்தில் எவர் நினைவிலும் இல்லை. அங்கே ஏழு கிணறுகளிலும் ஒவ்வொரு வாளியாக ஊற்றிக் குளித்துவிட்டு வீடு திரும்பியபோது மணி மூன்று.

சமையல்

முன்பாதியை எடுத்தபோது ஐஸ் இன்னும் முழுவதும் கரைந்திருக்கவில்லை. சமைத்தவர் அதை உடனே துண்டங்களாக்கி, பழப்புளி கரைத்துவிட்டு, வறுத்த தூள் போட்டுக் குழம்பு வைத்து நான்கு மணிக்குள் இறக்கிவிட்டார். இறாலையும் கையோடு முடித்தார். பின்பாதியை முகர்ந்து பார்த்தார். வேண்டாத மணம் எதுவும் இல்லை. நிறம் சற்றே மங்கியிருந்தது. வெட்டிய மீன் காற்றுப்பட்டால் அப்படித்தான் ஆகும் என்று எடுத்துக்கொண்டார். பொரியல் சுடச்சுடப் பரிமாறப்பட வேண்டியது என்பதால், துண்டங்களுக்கு மஞ்சள், உப்பு, மிளகு, தேசிக்காய்ப்புளி பிரட்டி, சமையல் மேசையில் மூடிவைத்துவிட்டு, ஏழு மணியளவில் தேங்காயெண்ணெயில் நன்கு சிவக்கப் பொரித்தார்.

ஆக, ஒரே மீனின் இரண்டு பாதிகளில் ஒன்று காலை ஏழு மணி முதல் ஐஸில் இருந்து நான்கு மணிக்குள் வெந்தது. மற்றது கடலிலிருந்து வந்த நேரம் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து மணித்தியாலம் ஐஸையே காணவில்லை. ஒருவரும் திட்டமிட்டுச் செய்யாத ஒரு பரிசோதனை இது. பின்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியதும் இந்தப் பிரிவினைதான்.

உண்ட பின் காணப்பட்டவை

ஏழரை மணிக்குப் புட்டு, சொதி, புளிக்குழம்பு, இறால், பொரியல் ஆகியவற்றுடன் உண்ணத் தொடங்கினார்கள். கிண்ணியாத் தயிரும் விருந்தினர் கொண்டுவந்த கித்துள் பாணியும் கடைசிக்கு இருந்தன. தயிருக்கு வருமுன்னரே மச்சாளின் கணவர் முகம் எரிகிறது என்றார். அவர்தான் பொரியலை அதிகம் உண்டவர். சில நிமிடங்களில் அவருடைய முகமும் கழுத்தும் மார்பும் வெயிலில் நின்றவருடையதைப் போலச் சிவந்தன. தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும் தொடர்ந்தன. பையன் வாந்தி எடுத்தான். மகளுக்கு முகச் சிவப்பும் கைகளில் அரிப்பும். சமைத்தவரின் கணவருக்குத் தலையிடி. சமைத்தவர் பதம் பார்க்க ஒரு சிறு துண்டு மட்டும் வாயில் போட்டிருந்தார். அவருக்குக் காது மடல் சுட்டதோடு நின்றது. பொரியலைத் தொடாமல் குழம்பும் இறாலும் உண்ட மச்சாளுக்கு ஒன்றுமில்லை. சைவம் உண்ட மாமியாருக்கும் ஒன்றுமில்லை.

மகள் ஒன்றை நினைவுபடுத்தினார்: பொரியலில் மிளகு கூடிவிட்டது, நாக்கில் சுருக்கென்று குத்தியது என்று அவர் உண்ணும்போதே சொல்லியிருந்தார். மிளகு போட்ட உணவில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகள்

வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. மாமியார் கண்ணூறு என்றார்; விருந்தினர் வந்த நாள் முதல் ஒழுங்கையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவர் வாதம். மச்சாள், இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணினார். சமைத்தவர் அப்போது காரணம் தேடவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது என்பதே போதும் என்று கூறி, அறிகுறி தோன்றிய எல்லோரையும் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார். எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லிக் குடிநீர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் விட்டது சரியான முடிவு என்பது என் கருத்து. மாரடைப்பா நஞ்சா என்று வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தறிய எவராலும் இயலாது.

வழியில் அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெறுமதியானது. ஒரு தாளின் பின்புறத்தில் யார் யார் எந்தெந்தக் கறியை எவ்வளவு உண்டார்கள், யாருக்கு எப்போது என்ன தோன்றியது என்று வானின் உள்விளக்கு வெளிச்சத்தில் எழுதிக்கொண்டார். வைத்தியர் முதலில் கேட்டதும் அதைத்தான். மச்சாளின் கணவருக்கு நாடித்துடிப்பு மிகுந்தும் இரத்த அழுத்தம் தாழ்ந்தும் இருந்ததால், இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஈசீஜீ எடுத்துப் பார்த்து, மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்து, சேலைன் ஏற்றினார்கள். நால்வருக்கும், ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்னும் பொருளுக்கு எதிரான மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் பையன் விளையாடத் தொடங்கிவிட்டான். மூவர் நள்ளிரவுக்கு முன் வீடு திரும்பினார்கள்; மச்சாளின் கணவர் மட்டும் இரவு முழுவதும் கண்காணிப்பில் இருந்து காலையில் வந்தார்.

அன்றிரவே, வான் சாரதியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவருக்கு வீட்டுக்கு எடுத்துச்செல்லப் புட்டும் சொதியும் இரண்டு துண்டு பொரியலும் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தனக்கும் முகமெல்லாம் தீயாக எரிகிறது என்றார். அவர் உண்டதில் இறால் இல்லை. இறால் மீதிருந்த சந்தேகம் இத்துடன் தீர்ந்தது. அவரும் அதே வைத்தியசாலைக்குச் சென்று மாத்திரை பெற்றுத் திரும்பினார்.

மாமியார் மறுநாள் காலை எல்லோருக்கும் கண்ணூறு கழித்தார். அதனால் எவருக்கும் கெடுதல் நேரவில்லை.

காரணம்

வைத்தியரின் முடிவு, மீனில் சேர்ந்திருந்த ஹிஸ்டமினால் வந்த நஞ்சாதல் என்பது. மீனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவில்லை. அறிகுறிகளின் தன்மையும், அவை தோன்றிய விரைவும், பொரியல் உண்டவர்கள் மட்டும் பாதிக்கப்பட்டதும், மருந்துக்கு உடனே அடங்கியதும் அவருக்குப் போதுமாக இருந்தன.

சூரை இனத்து மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. மீனின் செவுளிலும் குடலிலும் இயல்பாகவே வாழும் சில பக்டீரியாக்கள், மீன் இறந்தபின் தசைக்குள் பரவி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஐஸின் குளிரில் இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சூட்டில் மிக விரைவாக நடக்கும். மீனைக் குறுக்கே வெட்டிக் குடலைக் கையால் இழுத்தபோது, அதுவரை உள்ளே அடங்கியிருந்த பக்டீரியாக்கள் வெட்டுமுகத்தில் தடவப்பட்டன என்றும் கொள்ள வேண்டும். அலசல் அவற்றை முற்றாக நீக்காது.

சமைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது இதற்கு அடுத்த பகுதி. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் சூட்டுக்கு அழியாது. பொரித்தாலும், கொதிக்கவைத்தாலும், புகையூட்டினாலும், உறையவைத்தாலும், தகரத்தில் அடைத்தாலும் அது அப்படியே இருக்கும். பக்டீரியா செத்த பின்னும் அது உண்டாக்கிவைத்த நொதியம் தன் வேலையைத் தொடரக்கூடும். மணத்தாலும் அதை அறிய முடியாது. நாற்றம் வீசுவதற்கு வெகு முன்னரே ஆபத்தான அளவு சேர்ந்துவிடலாம். சில வேளைகளில் மட்டும் மிளகு போன்ற ஒரு குத்தல் நாக்கில் தெரியும். மகளுக்குத் தெரிந்தது அதுதான். ஹிஸ்டமின் தசையில் சீராகப் பரவுவதுமில்லை என்பதால், ஒரே மீனின் ஒரு துண்டு தீங்கு செய்ய, மற்றொன்று செய்யாமல் விடலாம்.

பன்னாட்டு உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ், இவ்வகை மீன்களில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை, நேரத்தைத்தான் அளக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டலில், காற்றின் அல்லது நீரின் வெப்பம் 28.3 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால், மீன் இறந்த 6 மணித்தியாலத்துக்குள் ஐஸில் இடப்பட வேண்டும். நம் பின்பாதியின் 6 மணித்தியாலம் புறாத்தீவிலேயே முடிந்துவிட்டது.

பொதுவாகச் சூரையில் செவுளுக்கும் வயிற்றுக்கும் அண்மையான முன்பகுதியில்தான் ஹிஸ்டமின் கூடுதலாகச் சேரும். இங்கே அந்த முன்பாதியை உண்டவருக்கு ஒன்றும் நேரவில்லை. பாதுகாப்பானதென்று எண்ணிய வால்பக்கம் ஐந்து பேரை வைத்தியசாலைக்கு அனுப்பியது. மீனின் எந்தப் பகுதி என்பதை ஐஸ் கிடைத்ததா என்பது முந்திவிட்டது.

இது மீன் ஒவ்வாமை அன்று என்று வைத்தியர் அழுத்திச் சொன்னதற்கும் காரணம் உண்டு. முகச் சிவப்பும் அரிப்பும் இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றும். கொடுக்கும் மருந்தும் ஒன்றே. பையனுடைய மருத்துவக் குறிப்பில் மீன் ஒவ்வாமை என்று எழுதப்பட்டிருந்தால், அவன் காரணமின்றி மீனை விட்டுவிட்டு வளர்ந்திருப்பான். உண்மையான காரணமும் அத்துடன் மறைந்து, அதே வீட்டில் அடுத்த விடுமுறையில் மீண்டும் நடந்திருக்கும். ஒரே உணவை உண்ட பலருக்கு ஒரே நேரத்தில் ஒவ்வாமை வருவது அரிது என்பதே இதில் முதலில் கவனிக்க வேண்டியது. காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களின் உடலில் ஹிஸ்டமின் எளிதில் சிதையாததால், அவர்களுக்கு இது கடுமையாகலாம்; அத்தகையோர் வீட்டில் இருந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

பின்னர் அறிந்தவை

சில நாட்கள் கழித்துச் சமைத்தவர் குச்சவெளிக்குச் சென்று அந்தப் படகுக்காரரைக் கண்டு பேசினார். குற்றம் சாட்டப் போகவில்லை. அன்று அதே படகில் வந்த மற்றச் சூரைகளை வாங்கியவர்களிடமிருந்து முறைப்பாடு எதுவும் வரவில்லை என்று அவர் சொன்னார். கரைக்கு அண்மையில் தொழில் செய்துவிட்டு விடிந்ததும் திரும்பும் அவருடைய படகில் ஐஸ் கொண்டுபோவதில்லை. அந்த மூன்று மணித்தியாலமும் கணக்கில் சேரவே செய்யும். ஆனால் அதன் பின்னர் வானில் கழிந்த எட்டு மணித்தியாலத்தையும் சமையல் மேசையில் கழிந்த நான்கையும் விட்டுவிட்டு விற்றவரைக் குறைசொல்வது நியாயமாகாது.

மாற்றப்பட்டவை

சமைத்தவர் பயணங்களை நிறுத்தவில்லை. வாங்கும் வரிசையை மாற்றினார். ஊர் பார்ப்பது இருந்தால் காலையில் மீன் வாங்குவதில்லை; வாங்கினால் நேரே வீடு. பெட்டி பெரிதாகியிருக்கிறது. மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் என்பது இப்போது அவருடைய கணக்கு. பெட்டியில் அடங்காத மீனை வாங்குவதில்லை. வெட்டுவதாயின் செவுளையும் குடலையும் முழுதாக எடுக்கச் சொல்லி, நல்ல நீரில் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிக்கிறார். தூள் பிரட்டிய துண்டங்கள் பொரிக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. தேசிக்காயும் பழப்புளியும் பக்டீரியாவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்றாலும், உருவாகிவிட்ட ஹிஸ்டமினை அவை ஒன்றும் செய்யாது என்பதை அவர் தன்னிடம் சமையல் கேட்க வருபவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

வழி நீளமாக இருந்தால் மீனையே மாற்றுகிறார். சூரை, அறக்குளா, பாரை, சாளை, நெத்தலி ஆகியவை ஹிஸ்டமின் சேரக்கூடியவை. விளை, கலவாய், ஓரா, கொடுவா போன்றவற்றில் அந்த அபாயம் குறைவு. பழுதானால் மணமே காட்டிக்கொடுத்துவிடும். நண்டை உயிரோடு கொண்டுவரலாம். ஹற்றன் குடும்பம் ஊர் திரும்புவதற்கு முன் அவர் வைத்த கடைசி விருந்து அப்படியான களப்பு நண்டுக் கறிதான். பையன் அடுத்த மாதமே ஹற்றனில் மீன் உண்டான், ஒன்றும் நேரவில்லை.

ஒரு விடயம் மட்டும் இன்னும் தீரவில்லை. விருந்தினருக்கு வழக்கமாகக் கொடுத்தனுப்பும் கருவாட்டையும், சூரையை அவித்து உலர்த்திய மாசியையும் இனி எப்படி வாங்குவது என்பது அது. காய்ந்தபின் பக்டீரியா பெருகாது. ஆனால் காயவைக்கும் முன்னர் மீன் வெயிலில் கிடந்திருந்தால் ஹிஸ்டமினும் சேர்ந்தே காய்ந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. காலையில் இழுத்த கரைவலை நெத்தலியை அன்று காலையே கழுவி உப்பிட்டுக் காயவைக்கும் ஒரு குடும்பத்தைச் சமைத்தவர் நிலாவெளிப் பக்கம் கண்டுபிடித்திருக்கிறார். கருவாட்டை அவர்களிடம் மட்டும் வாங்குகிறார். மாசிக்கு அப்படியொரு இடம் இதுவரை அமையவில்லை, ஆகவே அதைக் கொடுத்தனுப்புவதை நிறுத்திவைத்திருக்கிறார்.